குடியை விட்டு 14 மாதங்கள். ஆலோசகர் வேலைக்கு அழைக்கிறார்கள், சேரலாமா?

கோவை மாவட்டத்திலிருந்து ஐந்து பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 36 வயது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பிளஸ் டூ முடித்து ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர். ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். மாதம் 22,000 ரூபாய் வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. 19 வயதில் சனிக்கிழமைச் சம்பளத்தோடு தொடங்கிய குடி, 30 வயதுக்குள் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிற்கும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. மைக்ரோமீட்டரைப் பிடிக்க முடியவில்லை என்று இரண்டு பட்டறைகளில் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் 90 நாட்கள் இருந்தார். வெளியே வந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஒரு சொட்டும் தொடவில்லை. வாரம் இரண்டு முறை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகிறார்.

இப்போது அதே மையத்தின் உரிமையாளர் இவரை ஆலோசகராக வரச் சொல்கிறார். 12,000 ரூபாய் சம்பளம், தங்க இடம், சாப்பாடு. 15 நாள் பயிற்சியும் சான்றிதழும் அவரே தருவாராம். காலையில் வகுப்பு எடுக்க வேண்டும், இரவில் காவல் இருக்க வேண்டும், வீட்டார் கூப்பிட்டால் வேனில் போய் ஆளைத் தூக்கி வர வேண்டும். மனைவி வேண்டாம் என்கிறார். இவருக்கோ ஆசை. "குடித்தவனுக்குத்தான் குடிப்பவனின் வலி தெரியும் அக்கா. படித்தவர்கள் புத்தகத்தைப் பேசுவார்கள். எனக்கும் அங்கே அடி விழுந்தது, அதனால்தான் திருந்தினேன். அங்கேயே இருந்துவிட்டால் நானும் மறுபடி குடிக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். உளவியலைத் தொலைநிலைக் கல்வியில் படித்தால் போதுமா என்றும் கேட்கிறார்.

பின்குறிப்பில் இன்னொரு விஷயம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 26 வயது, காலையிலிருந்தே குடிக்கிறான். அவனை மூன்று நாள் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த உதவும்படி அவன் தாய் இவரைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கலாமா என்றும் கேட்டாராம்.

பின்குறிப்புக்கு முதலில் பதில்

தம்பி, அக்கா என்று அழைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையோடு எழுதுகிறேன். வேலை விஷயம் ஒரு மாதம் பொறுக்கும், அந்தப் பையன் விஷயம் பொறுக்காது. கடிதம் வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதைத்தான் மற்ற வாசகர்களுக்காக இங்கே மறுபடி எழுதுகிறேன்.

தினமும் விடியலிலிருந்து குடிப்பவருக்கு, மருத்துவர் இல்லாமல் சட்டென்று குடியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும், காய்ச்சல் அடிக்கும், இல்லாத பூச்சியைக் கையால் தட்டுவார்கள். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அந்தத் தாய் கேட்ட மூன்று நாள் சரியாக இந்த நாட்கள்தான்.

நான் போதை மீட்புப் பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு சிறிய மையத்தில் பஸ் ஓட்டுநர் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இடது கையால் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். கால் பிரேக்கைத் தேடியது. "இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று குரல் வேறு கொடுத்தார். உதவியாளர்கள் சிரித்தார்கள். நானும் அவர் வேடிக்கை காட்டுகிறார் என்றே நினைத்தேன். தோளில் கை வைத்தபோது உடம்பு கொதித்தது, சட்டை முழுக்க வியர்வை, என்னைப் பார்த்து "டிக்கெட் எடுத்தாச்சா" என்றார். நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று பணியிலிருந்த மருத்துவர் என்னிடம் சொன்னதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கியர் மாற்றும் கை எனக்குக் கற்பித்ததை எந்த வகுப்பும் கற்பிக்கவில்லை.

ஆகவே பையனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காக்கத் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். போகும்வரை அவனைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். எங்கே போவது என்று தெரியாத வாசகர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம். இரண்டும் கட்டணமில்லாதவை. வலிப்போ குழப்பமோ தொடங்கிவிட்டால் 108தான்.

சாப்பாட்டில் கலக்கும் மாத்திரைக்கு டைசல்ஃபிராம் என்று பெயர். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி எடுக்கும், ரத்த அழுத்தம் விழும், இதயம் நின்றுவிடவும் கூடும். சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்த பிறகு கொடுத்தால் அது நல்ல மருந்து. தெரியாமல் கலந்தால் அது விஷம். அந்த அம்மாவின் கண்ணீர் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவரிடம் இதைக் கறாராகவே சொல்லிவிடுங்கள்.

அடியா உங்களைத் திருத்தியது?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அடியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதே மையத்தில் உங்களுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த வயதான தையல்காரரைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் வராத இரவுகளில் அவர் உங்களிடம் லேத் வேலையைப் பற்றி விசாரித்திருக்கிறார். திரேடு எப்படி வெட்டுவது, அளவு தவறினால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "நான் இன்னும் வேலை தெரிந்தவன்தான் என்று அந்த மனிதர் எனக்கு ஞாபகப்படுத்தினார்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளியே வந்த பிறகு உங்கள் மனைவி, ஏ.ஏ. நண்பர்கள், உங்களைத் திரும்ப எடுத்துக்கொண்ட பட்டறைக்காரர் என்று இத்தனை பேர் வரிசையாக வருகிறார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு, பெருமையை அடிக்குக் கொடுக்கிறீர்களே.

அடி வாங்கிய பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். பட்ட வலிக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று மனம் தேடும், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பொருளை இன்னொருவர் முதுகில் ஏற்றக் கூடாது. அதே 90 நாளில் உங்களோடு அடி வாங்கிய மற்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் வெளியே வந்த வாரமே கடைக்குப் போனார்கள் என்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

குடிநோய் என்று நாங்கள் வேண்டுமென்றேதான் சொல்கிறோம். நோயாளியை அடிப்பதற்குச் சிகிச்சை என்று பெயர் கிடையாது.

அந்த மையத்தில் சேர்ந்தால் சட்டம் உங்களை எப்படிப் பார்க்கும்?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த நாட்டில் 2018 மே மாத இறுதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே ஆட்களைச் சேர்த்துத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் போதை மறுவாழ்வு மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உரிமையாளரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல, இந்தப் பதிவுச் சான்றைத்தான். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 50,000 ரூபாய் வரைக்கும், மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரைக்கும் அபராதம் உண்டு.

சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஏன் அவ்வளவு கடுமை என்று நம் மாநிலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அடுத்தது, ஆளைத் தூக்கி வருவது. வீட்டார் கூப்பிட்டார்கள், பணம் கொடுத்தார்கள் என்பது சட்டத்தின் கண்ணில் அனுமதி ஆகாது. விருப்பமில்லாத ஒருவரைச் சேர்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத நிலை போன்ற காரணங்கள் இருக்க வேண்டும். அவர் சார்பில் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து எழுதித் தர வேண்டும். அதுவும் முதலில் 30 நாளுக்கு மேல் கிடையாது. இவை எதுவும் இல்லாமல் இரவில் நான்கு பேர் போய்க் கையைக் காலைக் கட்டி வேனில் ஏற்றினால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவு சொல்லும் சட்டவிரோத அடைத்துவைப்பு. அந்த ஆள் வழியில் வலிப்பு வந்து இறந்தால் வழக்கு இன்னும் பெரிதாகும். வேனில் ஏறிய நீங்களும் அதில் இருப்பீர்கள். 12,000 ரூபாய்க்கு நீங்கள் விற்கப்போவது எதை என்று யோசியுங்கள்.

15 நாள் சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை அந்த மையத்துக்கு வெளியே யாரும் மதிக்க மாட்டார்கள்.

குடித்தவருக்குத்தான் தெரியுமா?

இதில் நீங்கள் சொல்வது பாதி சரி, அந்தப் பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். நானும் சக ஊழியர்களும் வாரக்கணக்கில் பேசியும் திறக்காத ஒருவர், மீண்டுவந்த ஒருவரின் முன்னால் பத்து நிமிடத்தில் அழுததைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஏ.ஏ. பிறந்ததே அப்படித்தான். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், தொழில் கைவிட்டுப்போய்க் குடிக்கத் துடித்த பில் என்பவர், தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு குடிநோயாளியைத் தேடிப்போய் டாக்டர் பாபைக் கண்டுபிடித்தார். அந்த இருவர்தான் ஏ.ஏ.வைத் தொடங்கினார்கள். அப்போது பில் குடியை விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மற்ற பாதிக்கு வருகிறேன். என்னோடு பணியாற்றிய ஒருவர் உங்களைப் போலவே மீண்டவர், தங்கமான மனிதர். ஆரம்பத்தில் முக்கால் மணி நேர அமர்வில் அரை மணி நேரம் தன் கதையைச் சொல்வார். எதிரில் இருப்பவர் வாய் திறந்ததும் "நானும் அப்படித்தான்" என்று பிடித்துக்கொள்வார். வந்தவருக்குக் கேட்க நன்றாக இருக்கும், கண் கலங்கும், வீட்டுக்குப் போய்க் குடிப்பார். ஏனென்றால் வந்தவரின் கதை அந்த அறையில் பேசப்படவே இல்லை. தன் கதையை எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, எப்போது விழுங்கிக்கொள்வது என்று கற்றுக்கொள்ள அந்த நண்பருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு அவரைப் போன்ற ஓர் ஆலோசகரை நான் பார்க்கவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். மனைவி இழுத்து வந்த ஒரு மனிதர், 45 வயது இருக்கும். "ஒரு குவார்ட்டர்தான் மேடம், எல்லாரும் குடிக்கிறார்கள்" என்றார். நான் மறுக்கவில்லை. தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால், ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. அவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டேன்: "இந்த ஆறு மாதத்தில் குடிக்காமல் இருந்த நாள் ஏதாவது உண்டா?" யோசித்துச் சொன்னார்: "அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் குடிக்கவில்லை. நான்தான் பந்தி பார்த்தேன்." "எப்படி முடிந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருந்தேன். அவர் பேச ஆரம்பித்தார். பொறுப்பை நம்பிக் கொடுத்தார்கள், எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வெட்கமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. குடியை விடுவதற்கான காரணத்தை அன்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

1983இல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதத் தொடங்கிய இந்த அணுகுமுறைக்கு ஊக்கமூட்டும் நேர்காணல் என்று பெயர். வாதாடினால் எதிராளி குடிக்கு வக்கீல் ஆகிவிடுவார். கேட்டால் தனக்கே வக்கீல் ஆவார். புத்தகம் பேசுகிறவர்கள் என்று நீங்கள் சொன்னவர்களிடமிருந்து வந்த பாடம்தான் இது. நீங்கள் லேத்தின் சக்கில் ஜாபை மாட்டியதும் சென்டர் பார்க்காமல் டூலைக் கொடுக்க மாட்டீர்கள். அந்தப் பொறுமை உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காதுக்குக் கொண்டுவருவதற்குத்தான் படிப்பு.

சென்னையில் சாந்தி ரங்கநாதனின் வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துயரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்லக் கிளம்பவில்லை. முறையாகப் பயிற்சி பெற்றார். 1980இல் அவர் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை, நம் மாநிலத்தில் எத்தனையோ ஆலோசகர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

அங்கேயே இருந்தால் நான் குடிக்க மாட்டேன் என்கிறீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி இதுதான். வேலையை மருந்தாக நினைக்கிறீர்கள். பில்லுக்கு நடந்ததை ஏ.ஏ. கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் சிகிச்சை பெற்ற நியூயார்க் மருத்துவமனையின் உரிமையாளரே அவரைச் சம்பளத்துக்கு ஆலோசகராக வரச் சொன்னார். பில்லிடம் அப்போது காசில்லை, மனைவி லோயிஸ் ஒரு கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். பில் சந்தோஷமாகப் போய்க் குழுவிடம் சொன்னார். குழு வேண்டாம் என்றது. பில் அந்த வேலையை ஏற்கவில்லை. உங்களுக்கு இன்று கேட்கப்பட்டிருப்பது ஏறக்குறைய அதே கேள்வி என்பதால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் குழுவிலும் உங்கள் வழிகாட்டியிடமும் வாய் திறந்து கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மையத்தில் இரவும் பகலும் இருந்தால் கூட்டத்துக்குப் போக நேரம் இருக்காது. ஆசை வருகிறது என்று யாரிடமும் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே நீங்கள் "சார்". நீங்கள் கைபிடித்துத் தூக்கிய ஒருவர் வெளியே போய் இறந்துபோவார். அந்த இரவில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். எங்கள் துறையில் மீண்டவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இப்படி ஓர் இரவில்தான். நான் பணியாற்றிய இடங்களில், குடியை விட்டுக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முழுதாக ஆகாதவரை ஆலோசனைப் பணிக்கு எடுப்பதில்லை. நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் மூன்று என்பேன்.

ஏ.ஏ.யில் இன்னொருவருக்கு உதவுவதும் சம்பளத்துக்கு ஆலோசகராக இருப்பதும் வேறு வேறு. முதலாவது உங்கள் மீட்சியின் பகுதி, அதற்குக் காசு வாங்குவதில்லை. இரண்டாவது தொழில், அதற்கு வேலை நேரம், பதிவேடு, மேற்பார்வை, ரகசியக் காப்பு எல்லாம் உண்டு. ரகசியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டவுன் பஸ்ஸில் என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களை அடிக்கடி பார்ப்பேன். பக்கத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். அவர் வணக்கம் சொல்லாதவரை நான் அவரைத் தெரியாதவள். சொந்த ஊரிலேயே இந்த வேலையைச் செய்தால், உங்களுக்கு ஒவ்வொரு டீக்கடையிலும் இந்தச் சோதனை வரும்.

என்ன படிப்பது, எங்கே போவது

தொலைநிலையில் உளவியல் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. இன்னும் சேர்க்கை இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் நிலையில் நான் பார்க்கும் வழி சமூகப்பணிப் படிப்பு. பிளஸ் டூ இருப்பதால் முதலில் ஓர் இளநிலைப் பட்டம். பட்டறை வேலையை விடாமல் படிக்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் மானியக் குழுவின் பட்டியலில் நீங்களே பார்த்துவிடுங்கள். அதன் பிறகு எம்.எஸ்.டபிள்யூ. என்ற முதுநிலைச் சமூகப்பணிப் பட்டம், அதில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியை எடுங்கள். இதைக் கல்லூரியில் நேரில் படிப்பது நல்லது. களப்பணியில் மருத்துவமனை வார்டில் நிற்கும் மணிநேரங்கள்தான் ஆளை உருவாக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல சமூகப்பணித் துறைகள் உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. மொத்தத்தில் ஐந்து ஆண்டுகள். நீண்டதுதான். முடிக்கும்போது உங்களுக்கு 41 அல்லது 42 வயது. இந்த வேலைக்கு அது இளமையான வயது.

சட்டமும் மாறிவருகிறது. இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு மருத்துவ உளவியலாளர் போன்ற சில பிரிவினருக்கே உரியது. போதை ஆலோசகர் என்று அதில் தனிப் பிரிவு இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், ஆலோசகர்களையும் மனநலச் சமூகப்பணியாளர்களையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பட்டமும் பதிவும் இல்லாமல் ஆலோசகர் என்று பலகை மாட்டும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில், மீண்டவர்களுக்கென்றே தோழமைக் கல்வியாளர் என்ற பணியிடம் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் நுழையக்கூடிய சரியான கதவு அதுதான். ஆலோசகர் பணியிடத்துக்கு அங்கே பட்டம் கேட்பார்கள். அரசு மருத்துவமனைகளிலும் 2025இல் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. பட்டம் கிடைத்த பிறகு, கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பின் போதை மருந்து ஆலோசனைப் பிரிவு உருவாக்கிய பாடத்திட்டப் பயிற்சியையும் தேர்வையும் பாருங்கள். பல நாடுகளில் மதிக்கப்படுகிறது.

ஆட்கள் தேவை இருக்கிறதா என்று கேட்டால், மிகவும் இருக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேருக்கு உங்களைப் போன்றவர்கள் வேண்டும். தொடக்கத்தில் சம்பளம் லேத்துக்கு வருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உயர்வும் மெதுவாகத்தான் வரும். தொண்டு நிறுவனங்களில் மானியம் தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். இதை மறைத்து உங்களை இந்தத் துறைக்கு அழைக்க எனக்கு மனம் வராது.

உங்கள் மனைவி சொன்னது

மனைவி பயந்தவள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 14 மாதமாகத்தான் அவர் இரவில் கதவுச் சத்தத்துக்கு எழாமல் தூங்குகிறார். இப்போது நீங்கள் இரவில் வேறிடத்தில் தங்கப்போகிறேன் என்கிறீர்கள், பாதிச் சம்பளத்துக்கு. அவர் வேண்டாம் என்று சொல்வதை நான் பயம் என்று படிக்கவில்லை, கணக்கு என்று படிக்கிறேன். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அவருக்கு விருப்பமிருந்தால் அழைத்துப் போங்கள். ஐந்தாண்டுத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, பட்டறை வருமானம், படிப்புச் செலவு, கூட்டத்துக்குப் போகும் நாட்கள், மகளோடு இருக்கும் நேரம் எல்லாவற்றையும் அவர் முன்னால் வையுங்கள். திருத்தச் சொல்லுங்கள்.

உரிமையாளருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டேன், படிக்கப்போகிறேன்" என்று சொன்னால் போதும். அவரிடம் நன்றிக்கடன் இருப்பதாக நினைத்து வேனில் மட்டும் ஏறாதீர்கள், ஒரு நாளுக்குக்கூட. அங்கே இன்னும் யாரையாவது கட்டிவைத்தோ அடித்தோ வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாநில மனநல ஆணையத்திலோ புகார் தரலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் இதே முகவரிக்கு எழுதுங்கள், வாசகத்தை நான் அனுப்புகிறேன்.

அந்தத் தையல்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முகவரி தெரிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.